விளையாட்டும் ஒரு மருந்துதான்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



'பொழுதுபோக்கு' என்ற வார்த்தைக்கு நம்ம வீடுகளில் நல்ல பேர் கிடையாது. கேரம் போர்டு முன்னாடி அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும், "பொழுதைப் போக்கிட்டு உட்கார்ந்திருக்கான் பாரு" என்று குரல் வரும். அறுப்புக்கும் நடவுக்கும் போகிற குடும்பங்களில் இது இன்னும் அதிகம். வேலை செய்யாத நேரம் என்றால் வீணான நேரம், அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பொழுதுபோக்கையே டாக்டர் மருந்தை அளந்து கொடுப்பதுபோல் அளந்து கொடுப்பதற்கென்று உலகத்தில் ஒரு தொழில் இருக்கிறது. அதற்கு ரெக்ரியேஷன் தெரபி, அதாவது பொழுதுபோக்குச் சிகிச்சை என்று பெயர். அதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது, செய்முறைப் பயிற்சி இருக்கிறது, தேர்வும் இருக்கிறது. லேத் ஓட்டுகிற பையனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. படித்தால் உங்களுக்கே புரியும்.

சிகிச்சை என்று ஏன் சொல்கிறோம்?

பக்கவாதம் வந்தவர், விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர், மூளைவாதத்தோடு பிறந்த குழந்தை, மனநோயிலிருந்து மீண்டு வருபவர், முதுமையில் ஞாபகம் குறைந்தவர் ஆகிய எல்லோருக்கும் மருந்து ஓரளவுக்குத்தான் உதவும். அதற்கப்புறம் கை அசைய வேண்டும், மனம் அசைய வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து உட்கார வேண்டும். "கையைப் பத்து தடவை மடக்கி நீட்டுங்க" என்று சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும். அதே கையால் சோழி உருட்டச் சொன்னால் ஐம்பது தடவை உருட்டுவார், எண்ணக்கூட மாட்டார். விளையாட்டுக்குள் பயிற்சியை ஒளித்து வைப்பதுதான் இந்தச் சிகிச்சையின் முதல் சூத்திரம்.

சும்மா விளையாடுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு குறிக்கோள் இருக்கும். எந்தத் தசைக்கு, எந்த மூட்டுக்கு, மனதின் எந்தக் குறைக்கு, எத்தனை நிமிடம், எத்தனை வாரம் என்று எழுதி வைத்துச் செய்வார்கள்.

இந்தத் துறை வளர்ந்த கதை

1859-இல் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியர் பணி பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளி ஒரே சுவரையும் ஒரே கூரையையும் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது உடம்பையே கெடுக்கும், நிறமும் பூவும் மாற்றமும் குணமாவதற்கு உதவும் என்று அதில் விளக்கியிருக்கிறார்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், போரில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கு விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் இருந்த 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். அந்தச் சின்னப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக் ஆனது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்த மேடையின் வேர் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் இருக்கிறது!

நம்ம தமிழ்நாட்டுக் கதை இதற்குக் குறைந்ததல்ல. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். நிமிர்ந்த விரல் வேலைக்குப் பழக வேண்டுமே! டாக்டராவதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர் அவர். 1950-களின் தொடக்கத்தில் நோயாளிகளுக்குத் தச்சு வேலையும் மரப்பொம்மை செய்வதும் சொல்லிக் கொடுத்தார்கள். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவர்தான்.

மனநலத்தில் டாக்டர் சாரதா மேனன் பெயரைச் சொல்ல வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர், 1984-இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கியவர். பூட்டிய அறையில் சும்மா உட்கார வைக்காமல் வேலையும் கலையும் கொடுக்க வேண்டும் என்ற வழியில் நின்றவர். இந்த வழி இல்லாத இடங்களில் என்ன நடக்கும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடித் தீ விபத்தே சாட்சி. சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்துபோனார்கள்.

என்னென்ன படிக்க வேண்டும்?

அமெரிக்காவில் இது தனிப் பட்டப்படிப்பு. 1981-இல் தொடங்கிய தேசியச் சான்றிதழ்க் குழு ஒன்று அங்கே தேர்வு வைக்கிறது. தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். உடற்கூறும் உடலியக்கமும், குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான மனித வளர்ச்சி, மனநோய் பற்றிய உளவியல் ஆகியவை கட்டாயப் பாடங்கள். இதோடு சிகிச்சைத் திட்டமிடல் சம்பந்தமான தனிப்பாடங்கள். அப்புறம் சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் தொடர்ந்து 14 வாரம், குறைந்தது 560 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. நம்ம இன்பிளான்ட் டிரெயினிங் மாதிரி கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிற சமாச்சாரம் இல்லை!

நம் நாட்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவர்கள் ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்கள். 1950-இல் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் என்ற அம்மையார் அதற்கான முதல் பள்ளியைத் தொடங்கினார். பிறப்பால் அவர் அமெரிக்கர், இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். தெரபிஸ்டுகளுக்கான அகில இந்தியச் சங்கம் 1952-இல் உருவானது.

அந்தப் படிப்பில் பயோமெக்கானிக்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. அது நமக்குப் புதுசே இல்லை. அப்ளைடு மெக்கானிக்ஸில் மூன்றாம் வகை நெம்புகோல் படித்தோமே, நம் முழங்கைதான் அது. மூட்டு தாங்குபுள்ளி, கையிலிருக்கும் பொருள் பளு, நடுவில் இழுக்கும் தசை விசை. பளுவுக்கும் மூட்டுக்கும் தூரம் கூடக்கூடத் தசை அதிகமாக இழுக்க வேண்டும். அதனால்தான் பலவீனமான கைக்குப் பொருளை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொரு முக்கியப் பயிற்சி, ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஜாப்பை எடுத்தால் ஃபேசிங், டர்னிங், டிரில்லிங் என்று வரிசை போடுகிறோம் அல்லவா? அதேபோல ஒரு விளையாட்டை எடுத்து, இதற்குக் கண் என்ன செய்கிறது, தோள் என்ன செய்கிறது, எத்தனை விரல் வேண்டும், எவ்வளவு நேரம் கவனம் வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டுமா என்று பட்டியல் போடுவார்கள். பிறகு ஆளுக்குத் தக்கபடி விளையாட்டை இறக்கவோ ஏற்றவோ செய்வார்கள்.

நான்கு படிகள்

சிகிச்சை நான்கு படியாக நடக்கும். மதிப்பிடுதல், திட்டமிடுதல், செயல்படுத்துதல், பலனை அளத்தல். இதைப் புத்தக வரியாக எழுதுவதைவிட என் அப்பாயியை வைத்துச் சொன்னால் உங்களுக்கு விளங்கும்.

அப்பாயி பாபநாசம் பக்கத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் நடவு நட்டவர். குறுவை, சம்பா, தாளடி என்று சேற்றிலேயே வாழ்ந்த கை. அந்த வலது கையைப் பக்கவாதம் முடக்கியது. முதலில் காட்டிய இடத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "வயசாயிடுச்சு, இனிமே வேலைக்கா போகப்போறாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திண்ணையில் கிடந்தார். கை மடங்கியே இருந்தது. சோறும் நாங்கள்தான் ஊட்டினோம்.

பிறகு வேறொரு இடத்தில் ஒரு தெரபிஸ்ட் அக்கா பார்த்தார். கையைத் தொடுவதற்கு முன்னாடியே, "பாட்டி, உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டார். அப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கென்ன தாயி பிடிக்கும்? வேலைதான் பிடிக்கும்" என்றார். அக்கா விடவில்லை. "ஐப்பசி அடைமழையில வேலை இருக்காதே, அப்ப என்ன செய்வீங்க?" அப்பாயி கொஞ்ச நேரம் யோசித்தார். "பல்லாங்குழி ஆடுவோம்" என்றார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் கேட்காத கேள்வி அது. இதுதான் மதிப்பிடுதல். கை எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளப்பது ஒரு பாதி. அந்த ஆளுக்கு எதில் ஆசை என்று கண்டுபிடிப்பது மறுபாதி.

அடுத்து திட்டம். மூன்று மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு புளியங்கொட்டையை எடுக்க வேண்டும், அதுதான் குறிக்கோள். செயல்படுத்தியது தினம் இரண்டு வேளை, இருபது நிமிடம், எதிரில் என் தங்கச்சி. பலனை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தோம். முதல் வாரம் ஐந்து நிமிடத்தில் இரண்டு கொட்டை. மூன்று மாதம் கழித்துப் பத்தொன்பது. கை பழையபடி வந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். வரவில்லை. நாற்றுமுடி கட்ட முடியாது. ஆனால் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடுகிறார். அதுவும் எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் தங்கச்சியின் கொட்டையைத் திருடுகிற அளவுக்கு விரல் வந்துவிட்டது!

பல்லாங்குழியைப் பிரித்துப் பார்ப்போம்

பலகையில் இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. ஒரு குழியை அள்ளி, குழிக்கொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கள் ஊர் வழக்கில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது 'பசு', எடுத்துக்கொள்ளலாம்.

இதில் என்னென்ன பயிற்சி இருக்கிறது பாருங்கள். அள்ளும்போது ஐந்து விரலும் குவிகிறது. உள்ளங்கையில் நாலைந்தை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் விரல் நுனிக்குத் தள்ளுவது மிகக் கஷ்டமான வேலை. பொத்தான் போடுவதற்கும் சில்லறை எண்ணுவதற்கும் இதே திறமைதான் வேண்டும். வலது கோடியிலிருந்து இடது கோடிக்கு வரும்போது தோளும் இடுப்பும் திரும்புகிறது. எந்தக் குழியில் எத்தனை என்று மனக்கணக்கு ஓடுகிறது. எதிராளியின் முறை வரும்வரை பொறுமை. எல்லாவற்றுக்கும் மேலே, எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். நோயாளிக்கு மாத்திரை கொடுக்க வருபவர் உண்டு, விளையாட வருபவர் எத்தனை பேர்?

ஏற்ற இறக்கமும் இதில் சுலபம். ஆரம்பத்தில் பெரிய புன்னைக்கொட்டை, அப்புறம் புளியங்கொட்டை, பிறகு மஞ்சாடி. ஒரு எச்சரிக்கை: குன்றிமணி வேண்டவே வேண்டாம். அது விஷம். எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைகள் இருக்கிற இடத்தில் எந்தச் சின்னக் கொட்டையையும் வைக்கக்கூடாது.

நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் இப்படித்தான். அடிப்பாகம் உருண்டை, எடையெல்லாம் அடியில். புவியீர்ப்பு மையம் கீழே இருப்பதால் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். 2008-இல் புவிசார் குறியீடு பெற்ற பொம்மை இது. விரல் நுணுக்கம் இல்லாத குழந்தை முழங்கையால் தட்டினாலும் பொம்மை ஆடும். 'நான் தட்டினேன், அது ஆடியது' என்ற சந்தோஷம்தான் அந்தக் குழந்தையின் முதல் பாடம். ஐந்தாங்கல், பாண்டி, தாயக்கட்டை, ஆடுபுலி, வாசல் கோலம் என்று ஒவ்வொன்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். வெளிநாட்டுச் சாமான் வாங்கித்தான் செய்ய வேண்டும் என்பதில்லை.

செய்முறையில் நம்ம பங்கு

போன வருஷம் என்.எஸ்.எஸ். மூலம் நாங்கள் ஆறு பேர் மூளைவாதக் குழந்தைகளுக்கான ஒரு பகல்நேர மையத்துக்குச் சனிக்கிழமைகளில் போனோம். சிகிச்சை செய்வது எங்கள் வேலை இல்லை, அது படித்தவர்கள் செய்ய வேண்டியது. எங்களிடம் இருந்தது ஒர்க்‌ஷாப் கை. தெரபிஸ்ட் இன்னது வேண்டும் என்று சொல்லுவார், நாங்கள் செய்து கொடுப்போம்.

முதலில் பெரிய பல்லாங்குழி. வேப்பம்பலகையில் மூன்று அங்குல அகலத்தில் குழி குடைந்து, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். பலகை நகராமலிருக்க அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். அதே டியூபைக் கரண்டிக் காம்பிலும் தூரிகையிலும் சுற்றினோம். காம்பு பருமனானால் முழுசாக மடக்க முடியாத விரலுக்கும் பிடி கிடைக்கும்.

அடுத்து பந்து உருட்டும் சரிவு. 'போச்சா' என்று ஒரு விளையாட்டு, 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. பந்தை எறிய முடியாதவர்கள் சரிவுக் குழாயில் உருட்டிவிடலாம் என்று அதன் விதியே இடம் கொடுக்கிறது. நாங்கள் நாலு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாட்டில் பிளந்து, உயரம் மாற்றுகிற மாதிரி ஸ்டாண்ட் வெல்டிங் செய்தோம். பி.வி.சி. இரண்டு அடி, வெட்டிரும்பு ஏழெட்டு அடி, டென்னிஸ் பந்து இரண்டு, செலவு அவ்வளவுதான்.

அங்கே ஒரு பையன். பேச்சு வராது, கை நினைத்த பக்கம் போகாது. சரிவை அவன் முன்னால் வைத்ததும் நான் பந்தை எடுத்து மேலே வைக்கப் போனேன். தெரபிஸ்ட் தடுத்து, சிவப்புப் பந்தையும் பச்சைப் பந்தையும் அவன் கண்ணெதிரே பிடித்தார். காத்திருந்தார். ஒரு நிமிடத்துக்கு மேலாகிவிட்டது. அவன் கண் மெல்லப் பச்சைக்குப் போனது. அப்புறம்தான் பந்தை வைத்தார், அவன் நெற்றியால் தள்ளினான். பந்து உருண்டு போய்ச் சுவரில் இடித்ததும் அவன் போட்ட சத்தம் இருக்கிறதே! "சோறு, துணி, மருந்து எல்லாத்தையும் இவனுக்கு மத்தவங்கதான் முடிவு பண்றாங்க. விளையாட்டுலயாவது அவன் முடிவு பண்ணட்டும்" என்றார் அவர். பயிற்சி பெற்றவருக்கும் நல்ல மனசு மட்டும் உள்ளவருக்கும் என்ன வித்தியாசம் என்பது அந்த ஒரு நிமிடத்தில் இருந்தது.

சட்டமும் படிப்பும்

இது தர்மம் அல்ல, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 29-ஆம் பிரிவு கலையும் பொழுதுபோக்கும் அவர்கள் உரிமை என்கிறது, 30-ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. மனநல மருத்துவச் சட்டம் 2017 மனநல நிலையங்களில் ஓய்வுக்கும் பொழுதுபோக்குக்கும் வசதி வேண்டும் என்கிறது. துணை மருத்துவத் தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் ரெக்ரியேஷன் தெரபிஸ்ட் என்ற பெயரே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் தனிப் பட்டம் தேடி அலைவதைவிட ஆக்குபேஷனல் தெரபி வழியாகப் போவதுதான் நடைமுறை.

அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலு வருஷத்துக்கு மேற்பட்ட பட்டப்படிப்பு. வேலூர் சி.எம்.சி., கோவை கே.எம்.சி.எச்., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். போன்ற இடங்களில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய நிறுவனம் மாற்றுத்திறனாளிகள் துறைக்கான பல படிப்புகளை நடத்துகிறது. சேர்க்கை விதி மாறிக்கொண்டே வருவதால் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பத்தாவது முடித்து நேரே டிப்ளமோ வந்த நம்மில் பலருக்கு உயிரியல் கிடையாது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவன் நான். பத்தாவது முடித்தபோது எந்தக் குரூப் எடுத்தால் எந்தக் கதவு திறக்கும் என்று சொல்ல ஆளில்லை. சீக்கிரம் சம்பளம் வரும் என்று இங்கே வந்தேன், வருத்தமில்லை. அந்தக் கதவு எனக்கு நேராகத் திறக்காது, அவ்வளவுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த மலர் உங்கள் வீட்டுக்குப் போகும். உங்கள் தம்பி, தங்கச்சி யாராவது பத்தாவது படித்தால் அவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். என் தங்கச்சியிடம் காட்டிவிட்டேன். உயிரியல் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். பல்லாங்குழி நோட்டை எழுதியவள் அவள்தான்.

நமக்கும் இடம் இருக்கிறது. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் 1968 வாக்கில் உருவானபோது டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து உழைத்தவர் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞர். பெரிய படிப்பு இல்லாதவர். ரப்பரையும் அச்சையும் அறிந்தவர். ஒரு டாக்டருக்குத் தெரிந்தது பாதி, அவருக்குத் தெரிந்தது பாதி. வெல்டிங், ஃபிட்டிங், தச்சு, எலெக்ட்ரிகல் என்று நாம் கற்கும் எல்லாமே ஒரு கைக்குப் பிடியாகவோ ஒரு சக்கரத்துக்கு அச்சாகவோ மாறலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு என்ன செய்வது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் தோழர்களே! உங்கள் தெருவில் திண்ணையிலோ கட்டிலிலோ ஒருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள். வந்ததும் ஒரு தெரபிஸ்டிடம் போய்ச் சொல்லுங்கள். டிராயிங் ஷீட்டை அதற்கப்புறம் விரிக்கலாம்.